புதுத் தடம் வேண்டுமா, பழையதை மூடச் சொல்லுங்கள்

மழை விட்டு ஒரு நாள் ஆகியிருக்கும். மலைக்காட்டுத் தடங்களில் மவுண்டன் பைக் ஓட்டுகிறவர்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வது ஒரே கேள்விதான்: "டிரெயில் எப்படி இருக்கு?" பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான்: "கொஞ்சம் சேறு, ஓட்டலாம்." இதை வைத்துக்கொண்டு யாரும் எதையும் தீர்மானிக்க முடியாது. எந்த இடத்தில் சேறு? ஒட்டுகிற களியா, மேலாக நனைந்த மணலா? டயர் போன அடையாளம் அப்படியே நிற்கிறதா? இதில் ஒன்றையும் சொல்லாத பதில், கிளம்புவதென்று ஏற்கெனவே முடிவு செய்துவிட்டவருக்கு ஒரு சாக்கு. அவ்வளவுதான்.

அதே ஆட்கள் வேறொரு நாள் கூடிப் பேசும்போது புதுத் தடங்கள் வேண்டும் என்பார்கள். மனு எழுதுவார்கள், கையெழுத்து வாங்குவார்கள். தடத்தின் நிலைமை ஒரு பேச்சு, புதுத் தடம் கேட்பது இன்னொரு பேச்சு என்று இரண்டும் தனித்தனியாகவே ஓடிக்கொண்டிருக்கும். இரண்டும் ஒரே பேச்சு என்பது என் கட்சி. சேறாகிக் கிடக்கும் தடத்துக்குப் பல நேரங்களில் ஒரே மருந்து, அதை மூடிவிட்டு வேறு கோட்டில் புதிதாக வெட்டுவது. ஆகவே புதுத் தடம் கேட்கப் போகும்போது பழைய தடம் ஒன்றை மூடச் சொல்லியும் கேட்க வேண்டும். இதைச் சொன்னால் அதிகாரிகளைவிட நம் ஆட்களுக்குத்தான் கோபம் வருகிறது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் மண். மணல் அதிகமுள்ள மண்ணில் மழைநீர் மளமளவென்று கீழே இறங்கிவிடும். பெருமழைக்குப் பிறகும் சில மணி நேரத்தில் ஓட்டலாம். சொல்லப்போனால், காய்ந்து பொடியாகக் கிடக்கும்போது இருப்பதைவிட லேசான ஈரத்தில்தான் அது இறுகி டயருக்குப் பிடி கொடுக்கும். களிமண் இதற்கு நேர் எதிர். அதன் துகள்கள் 2 மைக்ரோமீட்டருக்கும் சிறியவை, தட்டையானவை, நீரை இறுகப் பிடித்து வைத்துக்கொள்பவை. மேலே பார்த்தால் காய்ந்த மாதிரி இருக்கும், அரை அங்குலம் கீழே பிசினாக இருக்கும். டயரில் அப்பி, முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்குக்கும் சக்கரத்துக்கும் இடையே அடைத்துக்கொண்டு, கடைசியில் சைக்கிளை நாம் தோளில் சுமக்க வேண்டியதாகிவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பது வண்டல். ஈரத்தில் வழுக்கும், காய்ந்தால் மாவாகப் பறக்கும். ஓடும் நீர் மிகச் சுலபமாக அள்ளிக்கொண்டு போவதும் இதைத்தான். மூன்றும் அளவாகக் கலந்து, மேலே இலைமக்கும் சேர்ந்த காட்டுமண் இருக்கிறதே, மழை பெய்து வடிந்த மறுநாள் அதன்மேல் ஓட்டிப் பார்த்தவர்கள் பிறகு மற்ற எதையும் மதிக்க மாட்டார்கள்.

ஒரே தடத்தில் இந்த நான்கும் வரலாம் என்பதுதான் சிக்கல். மேட்டில் மணல், நடுவில் காட்டுமண், ஓடை அருகே களி. வெயில் படுகிற சரிவு மதியத்துக்குள் காய்ந்துவிடும், நிழல் பக்கம் இரண்டு நாள் ஈரமாகவே இருக்கும். இலை உதிரும் காடுகளில் இலைக்குவியலே ஒரு போர்வைபோல் ஈரத்தைக் காப்பாற்றி வைக்கும். பல நாடுகளில் தன்னார்வலர்கள் இலை உதிரும் பருவத்தில் இலையை ஊதித் தள்ளும் கருவியோடு காட்டுக்குள் போவது அழகுக்காக இல்லை, தடம் காய வேண்டும் என்பதற்காக. ஆகவே "டிரெயில் ஈரமாக இருக்கிறது" என்பது ஒரு தகவலே இல்லை. "ஓடைக்குக் கீழே உள்ள பகுதி இன்னும் ஒட்டுகிறது, மேல் வளையம் நன்றாக இருக்கிறது" என்பதுதான் தகவல். டிரெயில்ஃபோர்க்ஸ் போன்ற செயலிகளில் ஒவ்வொரு தடத்துக்கும் தனியாக நிலவரம் போட இடம் இருக்கிறது. ஆனால் பலர் நல்ல நாளில் மட்டும்தான் அதில் ஏதாவது எழுதுகிறார்கள். மோசமான நாளில் எழுதுவதுதான் பின்னால் உதவும். எப்படி என்று கீழே சொல்கிறேன்.

சந்தேகமாக இருந்தால் ஒரு சுலபமான சோதனை உண்டு. ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் அழுத்துங்கள். விரலால் தட்டியதும் உதிர்ந்தால் பதமாக இருக்கிறது என்று அர்த்தம். பிசைந்து திரி உருட்ட முடிகிறது என்றால் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். இன்னும் சுலபம், பின்னால் திரும்பி உங்கள் டயர் விட்ட அடையாளத்தைப் பார்ப்பது. பூ வேலை மாதிரி மேலாகப் பதிந்திருந்தால் பரவாயில்லை. பள்ளமாக வெட்டியிருந்தால், அந்தப் பள்ளம் அடுத்த மழையில் நீர் ஓடும் வழியாகிவிடும். பனி உறையும் நாடுகளில் இன்னொரு தொல்லை: அதிகாலையில் தரை கல்லாக இறுகியிருக்கும், ஓட்ட அருமையாக இருக்கும். மதிய வெயிலில் மேல் இரண்டு சென்டிமீட்டர் மட்டும் உருகும். கீழே இன்னும் உறைந்திருப்பதால் அந்த நீருக்கு இறங்க வழி இல்லை. வருடம் முழுவதிலும் தடத்துக்கு அதிகச் சேதம் நடப்பது அப்படிப்பட்ட நாட்களில்தான். காலையில் போனவர் "சூப்பராக இருக்கிறது" என்று எழுதிவைப்பார், அதை நம்பி மதியம் பத்துப் பேர் போவார்கள்.

குட்டை தேங்கியிருந்தால் நடுவில் ஓட்டிப் போக வேண்டும், ஓரமாகச் சுற்றக் கூடாது. இது எல்லோருக்கும் தெரியும், யாரும் செய்வதில்லை. ஓரம் ஒதுங்க ஒதுங்க ஒற்றையடிப்பாதை வண்டிப்பாதை ஆகிவிடும்.

சரி, மழையைத் திட்டியது போதும். ஒரே மழைதான் ஒரே குன்றின்மேல் பெய்கிறது. ஒரு தடம் மாலைக்குள் காய்ந்துவிடுகிறது, பக்கத்துத் தடம் வாரம் முழுக்கக் குழம்பாகக் கிடக்கிறது. மண்ணும் ஒன்று, மரமும் ஒன்று, ஓட்டுகிற ஆட்களும் அவர்களேதான். வித்தியாசம் அது போகிற கோட்டில் இருக்கிறது.

மலைச்சரிவில் ஒரு குடம் நீரைக் கவிழ்த்தால் அது எந்தத் திசையில் ஓடுமோ, அதே திசையில் நேராக இறங்குகிற தடம் ஒருநாளும் உருப்படாது. அந்தத் தடத்தின்மேல் விழுந்த நீருக்கு வெளியே போக வழியில்லை. தடத்தோடு தடமாக ஓடி, வேகம் பிடித்து, மண்ணைக் கூடவே இழுத்துக்கொண்டு போகும். முதலில் விரல் ஆழம், அப்புறம் கையளவு, சில வருடத்தில் முழங்கால் ஆழம். வேர்கள் அந்தரத்தில் தொங்கும். ஓட்டுகிறவர்கள் பள்ளத்தை விட்டுப் பக்கத்தில் ஏறி ஓட்டுவார்கள், பக்கத்திலும் ஒரு பள்ளம் விழும். இப்படி மூன்று நான்கு பள்ளங்கள் பக்கம் பக்கமாகப் பின்னிக்கிடக்கும் சரிவுகளை எல்லா ஊர்க் காடுகளிலும் பார்க்கலாம்.

இதை அளந்து சொல்ல ஒரு கணக்கு இருக்கிறது. தடம் வெட்டுகிறவர்கள் அதைப் பாதி விதி என்பார்கள். தடத்தின் ஏற்ற இறக்கம், அது கடந்து போகும் மலைச்சரிவின் சாய்வில் பாதியைத் தாண்டக் கூடாது. சரிவு 20 சதவீதம் என்றால் தடம் 10 சதவீதத்துக்கு மேல் சாயக் கூடாது. தாண்டினால் தடத்தைக் குறுக்கே கடந்து போக வேண்டிய நீர் தடத்துக்குள்ளேயே திரும்பிவிடும். இதோடு சேர்த்து, தடம் முழுவதற்கும் சராசரிச் சாய்வு 10 சதவீதத்துக்குள் இருக்கட்டும் என்பது பொதுவான வழிகாட்டல். தடத்தின் மேற்பரப்பு பள்ளத்தாக்குப் பக்கமாக 5 சதவீதம் போல லேசாகச் சாய்ந்திருக்க வேண்டும், நீர் அகலவாக்கில் வழிந்து வெளியேறிவிடும். அதுவும் போதாமல், இறங்கிக்கொண்டே போகும் தடம் அங்கங்கே சற்று மேலேறி மறுபடி இறங்க வேண்டும். அந்த மடிப்பின் அடியில் வந்து சேரும் நீர் மேலேறிப் போக முடியாமல் ஓரமாக வெளியே போய்விடும். ஓட்டுகிறவருக்கு அது ஒரு சின்னக் குதூகலம், தடத்துக்கோ அதுதான் உயிர். நல்ல தடம் வெட்டுகிறவரின் கெட்டிக்காரத்தனமே இதுதான், வடிகால் என்று தெரியாமல் வடிகால் வைப்பது.

சரிவு வேண்டாம், சமதரையில் வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். சமதரைதான் எல்லாவற்றிலும் மோசம். காலும் டயரும் மிதித்து மிதித்து மண் இறுகி, தடம் சுற்றியுள்ள நிலத்தைவிட ஓர் அங்குலம் தாழ்ந்தாலே போதும், நீர் வந்து உட்கார்ந்துகொள்ளும். எழுந்து போக வழியே இருக்காது. புதுப் பழக்கக்காரர்களுக்கான எளிய தடங்களை ஆற்றோரத்திலும் புல்வெளியிலும் வைத்துவிட்டு, ஏன் எப்போதும் சேறாக இருக்கிறது என்று தலையைச் சொறிகிறோம்.

நம்மிடம் இருக்கும் பழைய தடங்களில் பாதிக்கு மேல் யாரும் யோசித்து வெட்டியவை இல்லை என்பது என் கணிப்பு. மாடு போன வழி, மரம் இழுத்த வழி, மின்கம்பிக்காக வெட்டிய வழி, அவசரத்தில் யாரோ குறுக்கே இறங்கிய வழி. அவற்றின்மேல் பைக் வந்து சேர்ந்தது. அவற்றைப் பழுதுபார்க்கிறேன் என்று வருடா வருடம் நடக்கும் வேலையைப் பார்த்தால் பரிதாபமாக இருக்கும். குறுக்கே மரக்கட்டை பதித்து நீரைத் திருப்பப் பார்ப்பார்கள். கட்டைக்கு மேல்பக்கம் ஒரே பருவத்தில் வண்டல் நிரம்பி, நீர் அதைத் தாண்டிக் குதித்து, குதித்த இடத்தில் புதுப் பள்ளம் தோண்டும். ஓட்டுகிறவர்கள் கட்டையைச் சுற்றிப் போவார்கள். சரளைக்கல் கொட்டுவார்கள், அடுத்த மழையில் சரளை அடிவாரத்துக்குப் போய்ச் சேரும். சரிவு மிதமாக இருந்தால் தடத்தின் ஓரத்தை அரைவட்டமாகச் செதுக்கி நீரை வெளியே விடுவது, பள்ளமும் மேடுமாக நீளமான மடிப்பு அமைப்பது போன்றவை நிஜமாகவே வேலை செய்யும். நேரே இறங்குகிற தடத்தில் எதுவும் வேலை செய்யாது. அங்கே மண்வெட்டி பிடிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் வீண்தான். அந்த நேரத்தில் பாதியைச் செலவிட்டால் பக்கத்திலேயே சரிவைக் குறுக்காகத் தழுவிப்போகும் புதுக் கோடு ஒன்றை வெட்டிவிடலாம்.

"சைக்கிள்காரர்கள்தான் காட்டைக் கெடுக்கிறார்கள்" என்று எந்தக் கூட்டத்திலும் யாராவது ஒருவர் எழுந்து சொல்வார். இதற்கு ஆத்திரப்படாமல் பதில் சொல்ல நல்ல சான்றுகள் இருக்கின்றன. 1994இல் ஜான் வில்சன், ஜோசப் சேனி என்ற இருவர் அமெரிக்காவின் மொன்டானா மாநில மலைத்தடங்களில் செய்த சோதனையை வெளியிட்டார்கள். நடப்பவர், குதிரை, மோட்டார் சைக்கிள், சைக்கிள் ஆகிய நான்கையும் ஓடவிட்டு, அப்புறம் செயற்கை மழை பெய்வித்து, எவ்வளவு மண் கழுவிப்போகிறது என்று அளந்தார்கள். ஏற்கெனவே நனைந்த தடத்தில் சக்கரங்களைவிடக் குளம்பும் காலடியும்தான் அதிக மண்ணைப் பெயர்த்திருந்தன. 2001இல் கனடாவின் ஒன்டாரியோவில் தர்ஸ்டன், ரீடர் என்ற இருவர் காட்டுத்தரையில் நடையையும் சைக்கிளையும் 500 தடவை வரை போகவிட்டு ஒப்பிட்டார்கள். செடிகளுக்கும் மண்ணுக்கும் நேர்ந்த சேதத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. சேதமும் பாதையின் நடுக்கோட்டிலிருந்து சுமார் 30 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிட்டது.

இதை வைத்துக்கொண்டு நாம் யோக்கியர்கள் என்று மார்தட்ட முடியாது. அந்தச் சோதனைகளில் யாரும் வளைவுக்கு முன் பின்சக்கரத்தைப் பூட்டிச் சறுக்கவில்லை. பிரேக் பிடிக்கும் இடங்களில் வரிவரியாக எழும் மேடுகளுக்கும், வளைவின் உட்பக்கத்தை அறுத்துக்கொண்டு போகும் குறுக்கு வழிகளுக்கும் நாம்தான் பொறுப்பு. சைக்கிள்காரர் ஒரே நாளில் நடப்பவரைவிடப் பல மடங்கு தூரம் போகிறார் என்பதும் கணக்கில் வர வேண்டும். ஆனால் அவற்றிலும் பெரும்பகுதி கோட்டின் பிழைதான். நீண்ட நேர் இறக்கம் முடிந்ததும் திடீரென்று கூர்மையான திருப்பம் வைத்தால் எவரும் பிரேக்கை அழுத்தத்தான் செய்வார்கள். திருப்பத்துக்கு முன் தடத்தைக் கொஞ்சம் மேலேற்றிவிட்டால் வேகம் தானாகக் குறையும். எதிரே நடந்து வருகிறவர் அலறி ஒதுங்குவதும் குறையும். எனக்குத் தெரிந்தவரை நடப்பவர்களுக்கு நம்மேல் உள்ள கோபத்துக்கு மண் காரணமே இல்லை. திடுக்கிட வைப்பதுதான் காரணம்.

தடத்துக்காகப் போராடுவது இந்த விளையாட்டின் பிறப்போடு வந்தது. 1976இல் கலிஃபோர்னியாவின் மரின் மாவட்டத்தில் சில இளைஞர்கள் பழைய கனத்த சைக்கிள்களை மலை உச்சிக்குக் கொண்டுபோய், காட்டுத்தீ அணைப்பவர்களுக்கான மண்சாலை ஒன்றில் பந்தயம் விட்டார்கள். சுமார் 400 மீட்டர் உயர இறக்கம். கீழே வந்து சேர்வதற்குள் பின்சக்கர பிரேக்கின் உள்ளே இருந்த கிரீஸ் புகைந்து தீர்ந்துவிடும், மறுபடி அடைக்க வேண்டும். அதனாலேயே அந்தப் பந்தயத்துக்கு ரீபேக் என்று பெயர். விளையாட்டு பரவிய வேகத்துக்கு ஈடாகத் தடை அறிவிப்புகளும் பரவின. மனிதக் கை படாத காடுகளைக் காப்பதற்கான 1964ஆம் ஆண்டின் அமெரிக்கக் கன்னிநிலச் சட்டம் அந்தக் காடுகளில் இயந்திரவகைப் போக்குவரத்தை அனுமதிக்கவில்லை. சைக்கிளும் அதில் அடக்கம் என்று 1984இல் அந்நாட்டு வனத்துறை விதியிலேயே வெளிப்படையாகச் சேர்த்தது. கலிஃபோர்னியாவின் சங்கங்கள் சில ஒன்றுகூடி 1988இல் சர்வதேச மவுண்டன் பைக் சங்கத்தைத் தொடங்கியது இந்தப் பின்னணியில்தான். மேலே சொன்ன பாதி விதி உலகம் முழுக்கப் பரவ அந்தச் சங்கத்தின் பயிற்சிகள் பெரிய காரணம். கனடாவில் வான்கூவரை ஒட்டிய நார்த் ஷோர் மலைகளில் யாரிடமும் கேட்காமல் மரப்பாலங்களும் தடங்களும் கட்டிக்கொண்டிருந்தவர்கள், எதிர்ப்பு வலுத்த பிறகு 1997இல் சங்கம் அமைத்தார்கள். தடங்களை ஆள் ஆளுக்குத் தத்தெடுத்துப் பராமரிக்கும் முறை அங்கே பின்னால் வளர்ந்தது.

சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. ஸ்காட்லாந்தில் 2003ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டத்தின்படி, பொறுப்போடு நடந்துகொள்ளும் வரை பெரும்பாலான நிலத்தில் நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் உரிமை உண்டு. எல்லை தாண்டி இங்கிலாந்துக்கு வந்தால் 1968ஆம் ஆண்டு சட்டம் குதிரைப்பாதைகளை மட்டும் சைக்கிளுக்குத் திறந்துவிட்டது, அதுவும் நடப்பவருக்கும் குதிரைக்கும் வழிவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு. ஜெர்மனியின் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலக் காடுகளில் 2 மீட்டருக்குக் குறுகலான பாதையில் சைக்கிள் ஓட்டுவதே பொதுவாகத் தடை. ஒற்றையடிப்பாதைதான் நமக்கு உயிர் என்பதால் அங்கே கிட்டத்தட்ட எல்லாமே தடை என்றுதான் அர்த்தம். இந்த எல்லாச் சட்டங்களுக்கும் கீழே, நிலத்தைக் கையில் வைத்திருப்பவர் நம்மை நம்புகிறாரா என்ற ஒரே விஷயம்தான் எங்கும் கடைசியில் தீர்மானிக்கிறது.

அதற்கு நான் அடிக்கடி எடுத்துச் சொல்லும் உதாரணம் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தின் கிங்டம் டிரெயில்ஸ். 1994இல் தொடங்கிய அமைப்பு. அதன் தடங்கள் பல பத்துத் தனியார் நிலங்கள் வழியே ஒன்றோடொன்று கோத்துப் போகின்றன. இலவசமாக அனுமதி கொடுத்தவர்கள் அந்த நிலக்காரர்கள். 2019 டிசம்பரில் அவர்களில் மூன்று பேர் தங்கள் நிலத்தில் இனி சைக்கிள் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மூன்றே பேர்தான், ஆனால் எல்லோருக்கும் பிடித்த தடங்கள் சில அவர்கள் நிலத்தில்தான் இருந்தன. ஒரே நாளில் வரைபடம் கிழிந்துபோனது. பிரபலமாவதே ஆபத்து என்று சொல்ல வரவில்லை. அனுமதி என்பது ஒருமுறை வாங்கிப் பெட்டியில் பூட்டி வைக்கும் பத்திரம் இல்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

எதிர்ப்பக்க உதாரணமாக எல்லோரும் ஆஸ்திரேலியாவில் டாஸ்மேனியா தீவின் டெர்பியைக் காட்டுவார்கள். ஒருகாலத்தில் வெள்ளீயம் தோண்டிய ஊர், சுரங்கம் ஓய்ந்ததும் ஆளரவம் குறைந்துபோனது. 2015இல் தடங்கள் திறந்தபின் உலகம் முழுவதிலுமிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள், 2017இல் எண்டூரோ என்னும் மவுண்டன் பைக் பந்தயத்தின் உலகத்தரப் போட்டியே அங்கே நடந்தது. உண்மைதான். ஆனால் ஒவ்வொரு மனுவிலும் "எங்கள் ஊரும் டெர்பி ஆகும்" என்று எழுதுவது எனக்கு ஒப்பவில்லை. வருமானத்தைக் காட்டிக் கேட்டால், வருமானம் வராத வருடத்தில் தடத்துக்கு என்ன பதில்? பக்கத்தில் இருக்கும் பிள்ளைகள் பள்ளிவிட்டு வந்து ஓட்ட, எளிது என்று பச்சைக் குறி போட்ட ஒரு தடம் வேண்டும் என்பது இதைவிட வலுவான காரணம். அதை யாரும் கொள்ளை லாபக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்து ஏமாற மாட்டார்கள்.

பச்சைக் குறி என்றதும் ஞாபகம் வருகிறது. தடங்களின் கடினத்தைச் சொல்லப் பனிச்சறுக்கு விளையாட்டிலிருந்து எடுத்துக்கொண்ட குறிகள் இருக்கின்றன: பச்சை வட்டம் எளிது, நீலச் சதுரம் நடுத்தரம், கருப்பு வைரம் கடினம். மனு எழுதும் குழுவில் இருப்பவர்கள் எல்லோரும் கருப்பு வைரக்காரர்கள். ஆகவே மனுவும் கருப்பாகவே வரும். அலுவலகத்தில் அதைப் படிக்கிறவர் கண்முன் எலும்பு முறிவும் வழக்கும்தான் வந்து நிற்கும். முதலில் பச்சையைக் கேளுங்கள். நல்ல வடிகாலோடு வெட்டிய பச்சைத் தடத்தில் வேகமாகப் போனால் தேர்ந்தவருக்கும் சலிக்காது.

இனி என் யோசனைக்கு வருகிறேன். காட்டை நிர்வகிக்கிறவர் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். "புதுத் தடம்" என்றால் அவர் காதில் விழுவது "இன்னும் கொஞ்சம்" என்பது. இன்னும் கொஞ்சம் மரம் வெட்ட வேண்டும், இன்னும் கொஞ்சம் புகார் வரும், இன்னும் கொஞ்சம் நீளத்தைக் கையில் இருக்கும் அதே இரண்டு ஆட்களை வைத்துக்கொண்டு பராமரிக்க வேண்டும். ஒரு கூட்டத்தில் அலுவலர் ஒருவர் எங்களைப் பார்த்துக் கேட்டார்: "இருப்பதையே காப்பாற்ற முடியவில்லை, இன்னொன்று எதற்கு?" நியாயமான கேள்விதானே. அதற்குப் பதில், "இதற்குப் பதிலாக அது" என்பதுதான். மோசமான இந்த அரைக் கிலோமீட்டரை மூடுகிறோம், இந்தக் கோட்டில் முக்கால் கிலோமீட்டர் வெட்டுகிறோம், ஓடைக்குள் போகும் மண் நிற்கும், உங்கள் பழுதுவேலை குறையும். இப்படிக் கேட்டால் பேச்சின் தொனியே மாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

இங்கேதான் அந்த மோசமான நாட்களின் நிலவரக் குறிப்புகள் உதவுகின்றன. ஒரே இடத்தில் ஒவ்வொரு மழைக்குப் பிறகும் எடுத்த படம், தேதி, அளவுக்கு ஒரு மண்வெட்டிக் கைப்பிடியைப் பள்ளத்தில் நிறுத்திவைத்து எடுத்தால் இன்னும் நல்லது. கையெழுத்து ஆயிரம் வாங்குவதைவிட இப்படி ஒரு வருடப் படங்கள் பேசும். அப்புறம் அந்த அலுவலரை அலுவலகத்தில் சந்திக்காதீர்கள், தடத்துக்கு வரச் சொல்லுங்கள். மழை பெய்துகொண்டிருக்கும்போதே வந்தால் உத்தமம். தடத்துக்குள் நீர் ஓடுவதை ஒருவர் கண்ணால் பார்த்துவிட்டால் பாதி விதியை விளக்க வேண்டியதே இல்லை. புதுக் கோட்டில் முன்கூட்டியே நாடா கட்டி வையுங்கள். சாய்வுமானியை அவர் கையிலேயே கொடுத்து அளக்கச் சொல்லுங்கள். பறவை கூடு கட்டும் காலம், அரிய செடி, புதைந்த பழஞ்சின்னம் என்று அவர் தரப்பில் ஆய்வுகள் இருக்கும், மாதக்கணக்காகும். நாடா கட்டிய கோடு இரண்டு மூன்று முறை இடம் மாறும். மாறட்டும்.

முன்பு சொன்ன கோபம் இந்தக் கட்டத்தில்தான் வெடிக்கும். மூட வேண்டிய தடம் பெரும்பாலும் எல்லோருக்கும் பிரியமான தடமாக இருக்கும். செங்குத்தான, வேர் பின்னிய, பல்லைக் கடித்துக்கொண்டு இறங்குகிற தடம். "அதில் ஓட்டத்தான் நான் வருகிறேன், அதை மூடச் சொல்ல நீ யார்?" என்று நெருங்கிய நண்பர்களே கேட்பார்கள். தடங்களைச் சமப்படுத்திச் சமப்படுத்திக் கடைசியில் எல்லாமே வழவழப்பான பூங்காப் பாதை ஆகிவிடும் என்ற பயம் அவர்களுக்கு. அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. இயந்திரம் வைத்து அகலமாக வெட்டி, எல்லா வளைவிலும் ஒரே மாதிரி மண்கரை எழுப்பிய தடங்கள் எனக்கும் அலுத்துவிட்டன. ஆனால் கடினத்துக்கும் கெட்ட கோட்டுக்கும் சம்பந்தம் இல்லை. பாறை தெரிகிற இடத்தில் செங்குத்தாக இறக்கலாம், பாறையை நீர் அவ்வளவு சுலபமாக அரிக்காது. கல்லைச் செங்குத்தாகப் பதித்துத் தரைபாவலாம். வேரும் கல்லும் குறுகலும் சரிவைக் குறுக்காகப் போகும் தடத்திலும் தாராளமாக இருக்கலாம். ஆகவே மூடுவதற்கு ஈடாகக் கேட்கும் தடமும் அதே அளவு கடினமாக இருக்க வேண்டும் என்று அந்த நண்பர்களையே கோடு போடும் குழுவில் உட்கார வையுங்கள். சண்டை பாதி அங்கேயே தீரும். மீதி தீராது.

மூடுவதையும் ஒழுங்காகச் செய்ய வேண்டும். வாயிலில் ஒரு கிளையைப் போட்டு, "மூடப்பட்டது" என்று பலகை நட்டுவிட்டுப் போனால் மறுநாளே கிளை ஓரமாகக் கிடக்கும். இறுகிய மண்ணைக் கடப்பாரையாலும் பிக்காசாலும் கிளறி நெகிழ்த்த வேண்டும், இல்லாவிட்டால் விதை முளைக்காது. பள்ளத்தின் குறுக்கே சிறு சிறு கல்லணைகளும் கட்டைத் தடுப்புகளும் வைத்தால் ஓடும் நீர் அங்கங்கே நின்று வண்டலைப் போட்டுவிட்டுப் போகும். அக்கம்பக்கத்துச் செடிகளையே பெயர்த்து நட வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், புதுத் தடத்திலிருந்து பார்த்தால் பழைய தடம் கண்ணில் படவே கூடாது. இரண்டு முனைகளிலும் கண்ணுக்கு எட்டுகிற தூரம் வரை புதரும் விழுந்த மரமும் அடர்த்தியாக இருக்க வேண்டும். வழி தெரிந்தால் ஆள் போவார், அது மனித சுபாவம்.

அனுமதியில்லாமல் ராத்திரியில் தடம் வெட்டுகிறவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. அவர்களில் சிலர் அற்புதமான கைகாரர்கள், எந்தச் சங்கத்திலும் அவ்வளவு நுட்பமாக மண்ணைப் படிக்கிறவர் இருக்க மாட்டார். ஆனால் அவர்கள் வெட்டும் ஒவ்வொரு மீட்டரும் மேசையில் நாம் கேட்டுக்கொண்டிருக்கும் தடத்தைப் பின்னுக்குத் தள்ளுகிறது. திட்டுவதில் பயனில்லை. கைக்கு ஒரு மெக்லாய்டைக் கொடுத்துப் பகலில் வரச்சொல்ல வேண்டும். ஒரு பக்கம் பல்வாரியும் மறுபக்கம் கொத்தும் உள்ள அந்தக் கருவியைத் தடவேலை செய்கிறவர்கள் எளிதில் கீழே வைக்க மாட்டார்கள்.

மனுவில் கடைசியாக ஒரு பத்தி கட்டாயம் இருக்கட்டும். வெட்டி முடித்த தடம் முதல் வருடத்தில் அப்படியே நிற்காது. நடுவில் மண் அமுங்கும், வெளி ஓரத்தில் மண் ஒதுங்கி வரப்பு மாதிரி எழும். அந்த வரப்பு நீரை உள்ளேயே மறித்துவிட்டால் இவ்வளவு கணக்குப் பார்த்து வைத்த வெளிச்சாய்வு போச்சு. முதல் மழைக்காலம் முடிந்ததும் எல்லோரும் திரும்ப வந்து, தடம் முழுக்க நடந்து, அந்த வரப்பைச் செதுக்கி எடுத்து, மடிப்புகளின் வாயில் அடைத்த வண்டலை வாரிப்போட வேண்டும். எந்த மாதத்தில், யார் பொறுப்பில், எத்தனை ஆட்களோடு இதைச் செய்வோம் என்று எழுதிக் கொடுங்கள். நான் பார்த்த வரை, அலுவலர்கள் மனுவில் அடிக்கோடிட்டுப் படிப்பது அந்தப் பத்தியைத்தான்.